பாஸானவளுக்கு மாஸ்க் இல்லை

உன் படத்துக்கு இன்று சந்தன மாலை போட்டார்கள். செவிலியர் தின விழா. மருத்துவமனை வாசலில் பந்தல், மைக், நாற்காலி எல்லாம் உண்டு. படத்தின் கீழே பெரிய எழுத்தில் 'தானாக முன்வந்து உயிர் கொடுத்த தியாகி' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தச் சந்தன வாசனை மூக்கில் ஏற ஏற அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். நீயா முன்வந்தாய்?

முதல் அலை ஓய்ந்ததும் நம் எல்லோருக்கும் ரத்தம் எடுத்து, கொரோனா வந்து போயிருக்கிறதா என்று ஆன்டிபாடி சோதனை செய்தார்கள். உனக்கு இருந்தது, எனக்கு இல்லை. ஒரு தும்மல்கூட இல்லாமல் உனக்கு எப்போதோ வந்து போயிருக்கிறது. நீ கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக் கடையில் பால்கோவா வாங்கி வந்து டூட்டி ரூமில் நீட்டினாய்.

"நான் பாஸாயிட்டேன்டி! நீ பெயிலு, அதனால உனக்குப் பாதிதான்."

நமக்கு அது பரீட்சையாகவே ஆகிவிட்டது. பாஸானவர்கள் இனிப்பு கொடுக்க வேண்டும் என்று வழக்கமே வந்துவிட்டது. கல்வராயன் மலையிலிருந்து வேலைக்கு வரும் லேப் அண்ணன் தன் பங்குக்குத் தேன் கொண்டுவந்தார். இனி உனக்கு ஜாலிதான் என்று நான்கூடப் பொறாமைப்பட்டேன்.

நாம் விளையாட்டுக்குச் சொன்னதை நிர்வாகம் சட்டமாக்கிக்கொண்டது. இரண்டாம் அலையில் பாஸானவர்களுக்கெல்லாம் கொரோனா வார்டு. தடுப்பூசி உங்களுக்கு அவசரமில்லை என்று தள்ளிப்போட்டார்கள். முகத்தோடு ஒட்டி நிற்கும் நல்ல மாஸ்க், பெயிலாகி வெளி வார்டில் இருந்த எங்களுக்கு. காற்று இரண்டு பக்கமும் புகுந்து போகும் அந்த நீல மாஸ்க் உங்களுக்கு. நோயாளிகள் உள்ளே இருக்கிறார்கள், நல்ல மாஸ்க் வெளியே இருக்கிறது. எந்த ஊர் நியாயம் இது?

நீ தலைமை மருத்துவரிடம் போனபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"சார், எனக்கும் அந்த மாஸ்க் ஒண்ணு குடுங்க சார்."

"உங்களுக்குத்தான் எதிர்ப்பு சக்தி இருக்கே சிஸ்டர். ஸ்டாக் கம்மி. இல்லாதவங்களுக்குத்தான் முதல்ல."

"அது எத்தினி நாளிக்கு இருக்கும்னு யாருக்கு சார் தெரியும்? வூட்ல கொழந்த இருக்குது."

"பயப்படறவங்க இந்த வேலைக்கே வரக்கூடாதும்மா."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது நீ கேட்ட அதே மாஸ்க். நோயாளி ஒருவர்கூட எட்டிப் பார்க்காத குளுகுளு அறை அது. அந்த அலையிலேயே மறுபடி கொரோனா வந்து நீ வேலை பார்த்த வார்டிலேயே படுத்தாய். எழுந்திருக்கவில்லை.

அதே மனிதர்தான் இன்று மைக்கைப் பிடித்து உன் தியாகத்தைப் பற்றிக் குரல் தழுதழுக்கப் பேசினார். முன்வரிசையில் மூங்கில்துறைப்பட்டிலிருந்து வந்த உன் அம்மா, மடியில் உன் மகள். பேச்சு முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"கொழந்தய வுட்டுட்டு அவளாவே கேட்டுக்கினு போனாளே, அப்படி இன்னாம்மா பெரிய வேல? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாளா? கல்லறைக்குப் போறப்பலாம் மெழுகுவத்தி ஏத்திட்டு, அவளத் திட்டிட்டுத்தான் வரேன்."

இத்தனை வருடமாக உன் அம்மா இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார் என்பது இன்றுதான் தெரிந்தது. உன் தோழி என்பதால் அடுத்துப் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்ததை நான் பிரிக்கவே இல்லை.

"அவ முன்வரல. அனுப்புனாங்க. ஆன்டிபாடி இருக்குன்னு மாஸ்க் குடுக்கல. அவ வாய்விட்டுக் கேட்டா, நான் பக்கத்துல நின்னேன்."

மைக்கை அணைத்துவிட்டார்கள். அணைக்கட்டும், முன்வரிசைக்கு மைக் தேவையில்லை. உன் அம்மா எழுந்து, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலை விட்டு நடந்தார். நான் ஓடிப்போய் எங்கே என்று கேட்டேன்.

"கல்லறைக்கும்மா. இத்தினி வருஷம் திட்டுனத அவகிட்ட திரும்ப வாங்கிக்கணும்."

மாலையில் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். சொன்னதை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ. உன் அம்மாவுக்கு உன்மேல் இருந்த கோபம் இன்றோடு போயிற்று. எனக்கு இவர்கள்மேல் இருப்பது போகவில்லை, போகவும் வேண்டாம்.