காற்றுக்குத் தலை வைத்த துணி

இன்று காலை மொட்டைமாடியில் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியை விரித்து மூலைக்கு மூலை கல் வைத்துக்கொண்டிருந்தேன். பேத்தி சென்னையிலிருந்து ப்ளேனில் வருகிற நாள். எங்கள் வகையறாவில் ப்ளேன் ஏறிய முதல் ஆள் அவள்தான். தெருவில் யாருக்கும் தெரியாமல் போய்விடக்கூடாதே என்று பால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

திருப்பரங்குன்றம் பக்கமிருந்து ப்ளேன் தாழ்ந்து வந்தது. சக்கரம்கூடத் தெரிந்தது. இதோ இறங்கிவிட்டது என்று நினைக்கும்போதே, இரைச்சலைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறிவிட்டது. கையில் இருந்த கல்லைக் கீழே வைக்காமல், அந்த ப்ளேனையும் விட்டுவிட்டு, நான் கிழக்கே திரும்பிப் பார்த்தேன். அது உன் பழக்கமடி, சிநேகிதி. நீ போய் இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என் கழுத்து உன் பேச்சைத்தான் கேட்கிறது.

யுத்த காலத்தில் ஊருக்குத் தெற்கே வெள்ளைக்காரப் பட்டாளம் ஏரோப்ளேன் இறங்கத் திடல் போட்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம், கண்மாய்க் கரைப் பொட்டலில் நீயும் நானும் துணி காயப்போடுவோம். உன் வீட்டுக்காரர் சாயப்பட்டறை வைத்திருந்தார். சுங்குடிக்கு முடிச்சுப் போடுவதற்கு முன்னால் வெள்ளைத் துணியைத் துவைத்துக் காயவைத்துக் கொடுப்பது நம் இருவர் வேலை. என்னைத் தமிழில் திட்டுவாய். கோபம் முற்றினால் உங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷைக்கு மாறிவிடுவாய். அதுவும் எனக்குப் பாதி புரிந்தது என்பதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

நீளத் துணியைக் காற்று வரும் திசைக்கு நேராக விரிப்போம். காற்று முதலில் தொடுகிற முனையில் ஈரத் துணி ஒன்றைக் குறுக்கே போட்டு அமுக்குவோம். கல் வைத்தால் கறை படியும் என்று கல்லைத் தொடவே விடமாட்டாய். வேலிக்கு அந்தப் பக்கம் திடலிலும் அதே மாதிரி ஒரு வெள்ளைத் துணி தரையில் கிடக்கும்.

“வெள்ளக்காரனும் வேட்டி காயப்போடுறான் பாருடி. ஒத்த வேட்டிதான் வச்சிருக்கான் போல, பாவம்!” என்று சிரிப்பாய்.

“அது வேட்டி இல்லடி, கொடியா இருக்கும்” என்பேன் நான்.

“அஞ்சாப்புப் படிச்ச புத்தியப் பாரு. கொடியத் தரையில எவன்டி போடுவான்?”

அது ஏரோப்ளேன்காரனுக்கு எந்தப் பக்கம் பார்த்து இறங்குவது என்று காட்டும் அடையாளம். காற்று வரும் பக்கம் அதற்கும் குறுக்குத் துணிதான். அன்றைக்கு அது நமக்குத் தெரியாது.

அது புரட்டாசிக் கடைசி. காலையில் மேற்கேயிருந்து மேல்காற்று வீசியது. அதற்குத் தோதாகத் துணியை விரித்திருந்தோம். மதியத்துக்கு மேல் கிழக்கே மேகம் கூடி, காற்று அங்கிருந்து திரும்பி அடித்தது. திடலில் தங்கள் துணியைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். நம் துணி பாதி ஈரம், அப்படியே கிடந்தது.

மலைப் பக்கமிருந்து ஒரு ஏரோப்ளேன் இறங்கி வந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். “ஏ புள்ள, அந்தப் பக்கம் பாரு!” கிழக்கேயிருந்து இன்னொன்று, அதற்கு நேர் எதிரே வந்துகொண்டிருந்தது.

ஒன்று மூக்கைத் தூக்கியது. மற்றது இறக்கையைச் சாய்த்து நம் தலைக்கு மேலே போனது. நாம் குப்புற விழுந்தோம். துணியில் பாதி எழும்பிப் போய்க் கருவேல முள்ளில் மாட்டியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பனைமரம் நிற்க இடம் இருந்தது என்று நீ கடைசிவரை சாதித்தாய். இல்லவே இல்லை என்பேன் நான்.

இரண்டும் சுற்றிவந்து ஒவ்வொன்றாக இறங்கின. அப்புறம் ஜீப் வந்தது. ஒரு துரை, கூடவே தமிழ் பேசும் குமாஸ்தா.

“யார் சொல்லி இப்படி விரிச்சீங்க? ஜப்பான்காரனுக்கு அடையாளமா?”

“ஜப்பான்காரனுக்கு நான் எதுக்குய்யா வேட்டி காயவைக்கணும்? அவன் ஊர்ல வெயில் இல்லையா?” என்றாய் நீ.

குமாஸ்தா சிரிக்கவில்லை. பட்டறையிலிருந்து ஓடிவந்த உன் வீட்டுக்காரரை ஜீப்பில் ஏற்றினார்கள். முழங்கை வரை சிவப்புச் சாயம் பூசிய கையோடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. அந்த நாளில் அப்படிக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரைப் போய்க் கேட்பது? நீ ஜீப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டாய். வாய் மட்டும் ஓயவில்லை. சௌராஷ்டிரத்துக்கு மாறியிருந்தாய்.

அப்போதுதான் வேலியைத் தாண்டி அவன் வந்தான். கிழக்கேயிருந்து வந்த ஏரோப்ளேனை ஓட்டியவன். மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. மிச்சம் கிடந்த துணிப் பக்கத்தில் மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தான். குறுக்கே கிடந்த ஈரத் துணியைப் பார்த்தான். தன் திடலைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நீ திட்டுவதை நிறுத்தினாய். செம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினாய். கழுத்தெல்லாம் வழிய அவன் குடித்தான். பிறகு துரையிடம் போய்த் தன் நெஞ்சைத் தொட்டு என்னவோ சொன்னான்.

குமாஸ்தா வேண்டாவெறுப்பாக நம்மிடம் திருப்பிச் சொன்னார்: “உங்க துணியப் பாத்து இவன்தான் ஏமாந்தானாம். ‘அவங்க மேல தப்பில்ல’ங்கிறான். இறங்குய்யா கீழ. இனிமே குறுக்க ஏதாச்சும் கிடந்துச்சு, பட்டறைக்குப் பூட்டுதான்.”

மறுநாள் கண்மாயில் உட்கார்ந்து, குறுக்குத் துணிக்குப் பதிலாக வைக்கக் கல் பொறுக்கி, கறை போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய். கல்லைத் தொடவிடாத நீ! அன்றிலிருந்து எந்த ஏரோப்ளேன் வந்தாலும் நான் அதைப் பார்ப்பேன், நீ அதற்கு முதுகைக் காட்டி நிற்பாய். “வர்றத எல்லாரும் பாக்குறாக. அந்தப் பக்கம் யாருடி பாக்குறது?” என்பாய். அப்புறம் குரல் தணிந்து, “நம்ம பயலா இருக்குமோ?” என்பாய். அவன் யுத்தம் முடிந்து வீடு போய்ச் சேர்ந்தானா என்று நமக்குத் தெரியவே இல்லை. நீ படுத்த படுக்கையாகிக் கண் மங்கிய பிறகும், மேலே சத்தம் கேட்டால் “பாத்தியா?” என்பாய். “பாத்தேன், ஒண்ணுமில்ல” என்று சொன்னால்தான் கண்ணை மூடுவாய்.

இன்று பார்த்தபோது கிழக்கே இன்னொன்று அப்போதுதான் தரையை விட்டு எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. அது தூரமாய் மறையும்வரை நான் நகரவில்லை.

பேத்தி கோபமாக வந்து சேர்ந்தாள். “இறங்குற நேரத்துல திரும்ப மேல தூக்கிட்டாங்க அப்பத்தா. அரை மணி நேரம் வீணாப் போச்சு.”

செம்பில் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது. நான் துடைத்துவிட்டேன்.

“வீணாப் போகலடி. அந்தப் பக்கம் யாரோ பாத்திருக்காங்க.”

அவளுக்கு விளங்கவில்லை. குளிக்கப் போய்விட்டாள். நான் மாடிக்கு ஏறினேன். வேட்டி காய்ந்திருந்தது. மடித்து வைத்துவிட்டு, கல் ஒவ்வொன்றையும் கழுவி, சுவரோரம் அடுக்கினேன்.