மாப்பிள்ளை கேட்டு வந்தவர்

1938, பங்குனி, வெள்ளி. கீரமங்கலம்.

இன்று காலை பக்கத்து ஊரிலிருந்து ஒரு விவசாயி வண்டி கட்டிக்கொண்டு எங்கள் நாடகக் கம்பெனி முகாமுக்கு வந்தார். நான் வாசலில் தலை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"முந்தாநாள் ராசா வேசம் கட்டுன தம்பி எங்கிட்டு இருக்காரு?" என்று கேட்டார். கட்டினால் அந்த ராஜாவைத்தான் கட்டுவேன் என்று அவர் மகள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

"அந்தத் தம்பி நாந்தாங்க" என்றேன்.

என் ஈரக் கூந்தலையும் சேலையையும் பார்த்தார். வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஒங்கள மாதிரியே அண்ணன் தம்பி யாரும் இருக்காங்களா?" என்றார். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது.

"அப்ப நீங்களே வந்து சொல்லிருங்க தாயி. நாஞ்சொன்னா நம்பமாட்டா."

போனேன். அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளை நம்பவைக்க ராஜாவின் குரலில் நாலு அடி பாட வேண்டியிருந்தது. எழுந்து உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். அழப்போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"பொம்பளையும் ராசா வேசம் கட்டலாமாக்கா?" என்றாள்.

"பாட்டும் ஆட்டமும் வந்தா கட்டலாம்."

உடனே அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மறுசோறும் போட்டுக்கொண்டாள். அவள் அப்பா கண் கலங்கி என்னைக் கும்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்தவள், "அப்பா, நானும் அக்காகூடக் கம்பெனிக்குப் போறேன்" என்றாள்.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் ஆம்பிளையாகவே இருந்து தொலைத்திருக்கலாம் என்ற வருத்தம் அந்த முகத்தில் நன்றாகத் தெரிந்தது.