மாதா கோயில் தூணில் கட்டிய செவலை

சிலமலை
3-2-1978

கல்லுமேட்டு எஸ்டேட் மாதா கோயில் பாதர் அருளப்பன் சாமிக்கு, மொக்கச்சாமி சொல்ல டீக்கடைக் கன்னையன் எழுதுவது.

மலையிறங்கிய கால்வலி தவிர இங்கே குறையில்லை. அங்கே குளிர் எப்படி?

அஞ்சு வருசமாக எங்கள் மஞ்சுவிரட்டுக்கு மருந்துப் பையோடு வந்து வாடிவாசல் ஓரத்தில் நிற்கிறீர்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கூலி தரவில்லை. இந்தத் தையில் என் செவலைக் காளை மாடு பிடிக்க வந்த பேச்சிமுத்துவின் தொடையைக் கிழித்தபோது, கட்டுத்துணி தீர்ந்துபோய், இடுப்புக் கச்சையை அவிழ்த்துக் கட்டினீர்கள். அவன் பிழைத்தான். ஆனால் அவன் அண்ணன் வெள்ளைத்துரை, "அந்த மாட்டுத் தொட்டியில விசத்தைக் கலக்காம விடமாட்டேன்" என்று டீக்கடையிலேயே சொன்னான். கன்னையன் சாட்சி. "மலைக்குக் கொண்டாங்கண்ணே, அடுத்த தைக்கு நானே பத்திக்கிட்டு வர்றேன்" என்று நீங்கள் சொன்ன சொல்லை நம்பித்தான் போடிமெட்டு ஏறினேன்.

நான் வந்த நேரம் நீங்கள் தொழிலாளர் லயத்துப் பக்கம் போயிருந்தீர்கள். செவலையைக் கோயில் வாசல் தூணில் கட்டிவிட்டு இறங்கினேன். சாயங்காலம் கழுநீரில் ஒரு கை உப்புப் போட்டு வையுங்கள். என் வீட்டுக்காரி கருத்தம்மாள் அவனை அப்படித்தான் வளர்த்தாள். பிள்ளையில்லாத வீடு, உங்களுக்குத் தெரியும். உங்கள் கச்சையை ரத்தம் போகத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். அடுத்த தையில் உங்கள் கையில் தருவாளாம்.

இப்படிக்கு உங்கள் அன்பை மறவாத
மொக்கச்சாமி (பெருவிரல் ரேகை)


கல்லுமேடு
10-3-1978

அன்புள்ள மொக்கச்சாமி அண்ணனுக்கு,

செவலை சுகம். வந்த புதிதில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உப்புப் போட்ட பிறகுதான் முகத்தை நீட்டினான். இப்போது சாயங்காலக் கோயில்மணி அடித்தால் தானாகவே குசினி வாசலில் வந்து நிற்கிறான். என் அப்பா வண்டிமாடு வைத்திருந்தவர். அவன் மூச்சுச் சத்தம் கேட்டால் எனக்கு வீட்டு நினைவு வருகிறது.

இங்கே கோயில் கமிட்டிக்காரர்கள், "ஆருடெ நேர்ச்சை பாதரே?" என்று மலையாளத்தில் கேட்கிறார்கள். கோயில் தூணில் கட்டிய உயிர் மாதாவுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை என்பது இந்த ஊர் வழக்கமாம். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மதினி கவலைப்பட வேண்டாம்.

அன்புத் தம்பி
அருளப்பன்


சிலமலை
18-12-1978

பாதர் சாமிக்கு,

கருத்தம்மாள் கார்த்திகையில் படுத்தவள் எழவில்லை. போடி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "சாப்பிட்டாப் பொழைச்சுக்கிருவாக" என்கிறார். இவள், "செவலை வரட்டும், சாப்பிடுறேன்" என்கிறாள்.

இங்கே இனிப் பயமில்லை. வெள்ளைத்துரை கோபம் ஆறிவிட்டது. பேச்சிமுத்துவே வந்து, "அந்த மாட்டைப் பிடிக்காம எனக்குத் தூக்கம் வராது மாமா, வெரசா கொண்டாரச் சொல்லுங்க" என்றான். ஒரு கால் இழுத்து நடந்தாலும் வாய் அடங்கவில்லை. பொங்கலுக்குச் செவலையோடு வாருங்கள். உங்களுக்குச் சோலி இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து பத்திக்கொள்கிறேன்.

உங்கள் வரவு பார்த்திருக்கும்
மொக்கச்சாமி (ரேகை)


கல்லுமேடு
2-1-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் வர வேண்டாம். செவலைக்கு முன்னங்கால் குளம்பில் புண். இந்தப் பனியில் மெட்டு இறங்கினால் கால் போய்விடும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுகிறேன். மணி அடித்தால் நொண்டிக்கொண்டே கழுநீருக்கு வந்துவிடுகிறான். எனக்கும் இங்கே வேலை அதிகம். இந்தத் தையில் வாடிவாசலுக்கு வர இயலாது. மதினியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அருளப்பன்


சிலமலை
9-2-1979

பாதருக்கு,

உங்கள் எஸ்டேட்டில் ஏலக்காய் எடுப்பு முடிந்து எங்கள் ஊர் இருளம்மாள் மலையிறங்கி வந்தாள். செவலைக்குக் குளம்பு ஆறிவிட்டதா என்று கேட்டேன். தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

செப்டம்பர் மாதா திருவிழாவில் நேர்ச்சைக் கோழி, ஆட்டோடு செவலையையும் ஏலம் விட்டார்களாம். கசாப்புக்காரன் எடுத்தானாம். நீங்கள் படிக்கட்டில் நின்றீர்களாம். "பாதர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு மாமா. கமிட்டிக்காரவுக கோயிலுக்குக் கூரை போட்டுக் குடுத்தவுகள்ல" என்றாள்.

கமிட்டிக்காரர்களை நான் ஏசவில்லை. அவர்கள் வழக்கத்தை அவர்கள் செய்தார்கள். தூணில் கட்டியவன் நான். ஆனால் அது நேர்ச்சை இல்லை, மொக்கச்சாமி மாடு என்று அங்கே உங்கள் ஒருத்தருக்குத்தான் தெரியும். கொம்புக்கு முன்னால் குனிந்து அடிபட்டவனைத் தூக்கிய ஆளுக்கு, நாலு மனுசர் முன்னால் வாய் வரவில்லை.

அதைக்கூட விட்டுவிடுவேன். மனுசன் பயப்படுவான். செத்த மாட்டுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டீர்களே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்தக் கடிதத்தைக் கன்னையன் ஒரு தரம்தான் வாசித்தான். எழுத்துத் தெரியாதவன் காதில் விழுந்தது அழியாது. "நொண்டிக்கொண்டே கழுநீருக்கு வந்துவிடுகிறான்." அந்த வரியைக் கேட்டுத்தான் கருத்தம்மாள் ரெண்டு வாய் கஞ்சி குடித்தாள். இப்போதும் அதைச் சொன்னால்தான் குடிக்கிறாள். இருளம்மாள் வந்துபோன பிறகும் நான்தான் சொல்கிறேன்.

இனி எங்கள் வாடிவாசலுக்கு வர வேண்டாம். கடிதமும் வேண்டாம். செவலையின் சேதியை இனி நானே சொல்லிக்கொள்வேன்.

உங்கள் கச்சையை இருளம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியிலிருந்து எடுக்கும்போது கருத்தம்மாள் பார்த்துவிட்டாள். "அவரு கையில குடுக்கணும்னுல வச்சிருக்கேன், எங்க கொண்டு போறீக?" என்றாள்.

"பாதர்தான் கேட்டு விட்டிருக்காரு. செவலை கால்ல கட்டணுமாம்."

"அப்பக் கொண்டாங்க. மடிப்புக் கலைஞ்சிருக்கு" என்று வாங்கி, படுத்தபடியே மறுபடி மடித்துத் தந்தாள்.

அந்த மடிப்போடுதான் வருகிறது.

மொக்கச்சாமி (ரேகை)