மழைப் பாட்டில் கத்திய ஆள்

பாட்டாலே எனக்கு அண்ணனாக வந்த சீனிச்சாமி அண்ணனுக்கு,

நீங்க இருந்த காலத்திலேயே ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். போடவில்லை. எங்க மார்க்கையன்கோட்டைக்கும் உங்க தேவதானப்பட்டிக்கும் நடுவே என்ன கடலா கிடக்கு, பஸ் ஏறினால் பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது எந்த பஸ்ஸில் ஏற, சொல்லுங்க.

நீங்க போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. போன வாரம் உங்க வீட்டு வாசலில் பந்தல் போட்டு, போட்டோவுக்கு மாலை சாத்தி, உங்க பாட்டையே ஓடவிட்டு நினைவு நாள் கும்பிட்டோம். அங்கன ஒரு விஷயம் நடந்துபோச்சு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முன்னால் இருந்து சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

உங்க மகன் தினேஷ் கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டே, லீவு நாளெல்லாம் உட்கார்ந்து உங்க கேசட்டு, சிடி அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். இனி யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே கேட்கலாமாம். என் தையல் கடைக்கு வந்து, "அத்தை, புதுசாக் கேக்குறவுக எதுல ஆரம்பிக்கணும், எதுல என்ன இருக்குன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. அப்பா பாட்டு உங்களுக்குத்தான் மனப்பாடம்" என்றான். எனக்கா? உங்க பாட்டு மேல் நான் பட்ட எரிச்சல் அவனுக்கு எங்கே தெரியும்!

கல்யாணமாகி வந்த புதுசில் எனக்கு நீங்கதானே சக்களத்தி. எங்க வீட்டுக்காரர் மொக்கைச்சாமிக்கு உங்க பேரைக் கேட்டால் போதும். எந்த ஊர் சாமி கும்பிட்டில் நீங்க பாடினாலும் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாக. திராட்சைக்கு மருந்தடிக்கிற நாளாக இருந்தாலும் சரி. "அந்தப் பாட்டுக்காரர் வந்து நம்ம கொடிக்கு மருந்தடிப்பாரா?" என்று நான் கத்துவேன். "ஆத்தா, நீயும் ஒருநா வந்து கேளு. கேட்டுட்டு அப்புறம் திட்டு" என்று சிரிப்பாக. நான் போகவே இல்லை.

சரி, தினேஷுக்கு எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கோவப்படக்கூடாது.

உங்க முதல் கேசட்டு, 'முதல் போகம்'. ஆற்றில் தண்ணீர் திறந்த பாட்டு, நாற்று நட்ட பாட்டு எல்லாம் இருக்கு. ஆனால் யாரும் இதில் ஆரம்பிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். வாத்தியார் முன்னால் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி என்ன ஓட்டம் ஓடுறீக! கேசட்டைத் திருப்பிப் போட்ட பிறகுதான் மூச்சே விடுறீக. வரப்பில் நண்டு பிடிக்கிறவளைப் பற்றிய அந்த ஒரு பாட்டுக்காக மன்னித்துவிடலாம்.

மூன்றாவது, 'மலைக்கு ஜீப்பு'. விடியுமுன்னே கம்பத்தில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பொம்பளைகள் பாட்டு. அதில் சேச்சியும் வருவாள், நம்ம ஆத்தாவும் வருவாள். கேட்கும்போது வயிறு வலிக்கச் சிரிப்பேன். அணைத்துவிட்டுப் படுத்த பிறகுதான் கண் கலங்கும். குனிந்து குனிந்து காய் பறிக்கிறவளுடைய இடுப்பு வலி ஒரு ஆம்பளைக்கு எப்படி இவ்வளவு விவரமாகத் தெரிந்தது? யாரைக் கேட்டீக?

கடைசி, 'இருக்கட்டும்'. தொண்டையில் கத்தி வைத்த பிறகு, இனி பாட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, வீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு நீங்களே பாடிப் பதிந்தது. மேளம் கிடையாது, ஒன்றும் கிடையாது. இரண்டு வரி பாடுறீக, மூச்சு முட்டி நிறுத்துறீக. அந்த நிறுத்தத்தில் உங்க வீட்டு மின்விசிறி சுற்றுவது கேட்கிறது. மறுபடி பாடுவீகளா மாட்டீகளா என்று பயந்து, அந்த இடத்திலேயே அணைத்துவிடுவேன். இன்றுவரை அதை முழுசாகக் கேட்டதில்லை, அண்ணே. அதனால் அதைப் பற்றி ஒன்றும் எழுதவும் இல்லை.

இரண்டாவதை எங்கே காணோம் என்று பார்க்கிறீகளா? வேணுமென்றேதான் தள்ளி வைத்தேன்.

'ஈரப் பந்தல்' எங்க ஊர் கோயில் பொட்டலில், கூட்டத்துக்கு நடுவே பதிந்தது. மழை இல்லாமல் கிணறெல்லாம் தரை தட்டிக் கிடந்த வருஷம். "வாடி மழைக்காரி, எங்க வாசலுக்கு ஒரு நடை" என்று நீங்க கூப்பிடுறீக. உறுமி ஏறுகிறது. மூன்றாவது தடவை கூப்பிடும்போது நிஜமாகவே சடசடவென்று தூறல் விழுந்துவிட்டது. மைக்கு வயரில் தண்ணீர் படுமே என்று நீங்க பாட்டை நிறுத்துறீக. மேளமும் நிற்கிறது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு ஆள் கத்துவது கேட்கும்: "கூப்பிட்டீக, வந்துருச்சுல்ல! நிறுத்தாமப் பாடுங்கண்ணே!"

நீங்க சிரிச்சுட்டீக. அந்தச் சிரிப்போடேயே அடுத்த வரியை எடுத்தீக. தோல் நனைந்து தொங்கிப்போன உறுமி 'தொப்பு தொப்பு' என்று பின்னாலேயே வருகிறது.

கத்தின ஆள் எங்க வீட்டுக்காரர்.

அன்றைக்குக் கைப்பிள்ளையோடு வீட்டில் கிடந்தேன். சொட்டச் சொட்ட நனைந்து வந்து, "என் சத்தம் கேசட்டுல வரும் பாரு" என்றாக. "ஆமா, பெரிய பாகவதரு. தலையைத் துவட்டுங்க முதல்ல" என்றேன். மகள் நடை பழகின வருஷம் தோட்டத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாக. எங்க கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கவில்லை. செல்போன் அப்போது ஏது? வீட்டில் இருப்பது போட்டோதான், போட்டோ பேசுமா? மிச்சம் இருந்தது அந்த ஒரு கத்தல் மட்டும்தான்.

அவுக போனதுக்குத் துட்டி கேட்க நீங்க வந்தீக. "தங்கச்சி" என்று என்னைக் கூப்பிட்டீக. அவுகளுக்கும் அண்ணன், எனக்கும் அண்ணன், முறையே குழம்பிப்போச்சு என்று ஊரில் சொன்னாக. குழம்பினால் குழம்பட்டும். பின்னால் சிடி போட்டபோது, அந்தப் பாட்டை ரெக்கார்டிங் ரூமில் வைத்துத் திருத்தமாகப் பாடித் தரச்சொல்லிக் கம்பெனிக்காரர்கள் கேட்டார்களாம். "எம் மாப்ள சத்தம் இல்லாம அது பாட்டா?" என்று மறுத்துவிட்டீகளாம். அதை நீங்க என்னிடம் சொல்லவே இல்லை. உறுமிக்காரர் சொல்லித்தான் தெரியும்.

அதுக்கப்புறமும் திருவிழா, கச்சேரி எதுக்கும் நான் போனதில்லை. கடையை அடைத்துவிட்டு வீட்டில் தனியாகத்தான் கேட்பேன். "இந்தா, உங்கப்பா" என்று மகளுக்கு அந்த இடத்தைப் போட்டுக் காட்டுவேன். எங்க ரெண்டு பேருக்கு மட்டும் சொந்தமான சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போது தினேஷ் வந்து சொல்கிறான்: "எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன் அத்தை. கூட்டத்து இரைச்சல், இருமல், தேவையில்லாத கத்தல் எல்லாம் எடுத்தாச்சு. அப்பா குரல் மட்டும் கண்ணாடி மாதிரி கேக்கும்."

அவன் அப்பா பாட்டு, அவன் உழைப்பு. பிள்ளை ஆசை ஆசையாகச் செய்திருக்கிறான். அதில் என் புருஷன் கத்தலைத் திருப்பி ஒட்டு என்று கேட்க நான் யார்? "நல்லதுப்பா" என்றேன். அவன் போன பிறகு தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டில் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பழைய கேசட்டு என்னிடம் இருக்கத்தான் செய்கிறது. நாடா தேய்ந்து அவுக குரல் ஏற்கெனவே பாதி போச்சு. மீதியும் போய்விட்டால், அதுக்கப்புறம் என் பேரப்பிள்ளைக்கு எதைக் காட்டுவேன்?

அந்தக் கலக்கத்தோடுதான் நினைவு நாளுக்கு வந்தேன். நல்ல கூட்டம், அண்ணே. ஏலத்தோட்டத்துப் பொம்பளைகள் கூலியை விட்டுவிட்டு ஒரு ஜீப் நிறைய வந்திருந்தாக. ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். மழைப் பாட்டு வந்தது. முதல் தடவை கூப்பிட்டீக, ரெண்டாவது தடவை கூப்பிட்டீக. மூன்றாவது தடவை.

பந்தலே அதிர்கிற மாதிரி அத்தனை பேரும் கத்தினாக: "கூப்பிட்டீக, வந்துருச்சுல்ல! நிறுத்தாமப் பாடுங்கண்ணே!"

ஆனால் பாட்டு நிற்கவில்லை. அந்த இடத்தை வெட்டியாச்சே! இவுக கத்தி முடிக்குமுன்னே நீங்க அடுத்த வரிக்குப் போய்விட்டீக. கைதட்டல் தப்பி, தாளம் தப்பி, ஆடினவர்களெல்லாம் அப்படியே நின்றுவிட்டாக. ஜீப்பில் வந்த ஒரு அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள். "ஏலே, என்னலே பாட்டு தாவுது? அந்த ஆளை எங்கலே?"

தினேஷுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த ஆளு?"

"மழையில கத்துவாகல்ல, அந்த ஆளு! மலையேறுறப்ப தினம் அவுக கூடச் சேந்துதான் நாங்க கத்துவோம். அந்த இடம் இல்லாம அது பாட்டாலே?"

தினமும், அண்ணே! இத்தனை வருஷமாக, நான் இங்கன கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றையாகக் கேட்டுக்கொண்டிருக்க, எங்க வீட்டுக்காரர் தினமும் ஜீப்பில் மலையேறிக்கொண்டு இருந்திருக்காக. என்னிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? யார் சொல்வார்கள், அது யார் குரல் என்று அவுகளுக்கே தெரியாதே.

ஜீப் டிரைவர் தன் பென் டிரைவைக் கொண்டுவந்து செருகினார். பழைய பாட்டு, இரைச்சலோடு. நீங்க நிறுத்துறீக. எங்க வீட்டுக்காரர் கத்துறாக. கூடவே ஊரே கத்துகிறது. நான் கத்தவில்லை, என்னால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். தினேஷ் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அத்தை, அது யாரு?"

"உங்க மாமாடா."

பிள்ளை என் கையைப் பிடித்தவன் ரொம்ப நேரம் விடவில்லை. மறுநாளே வெட்டினதைத் திரும்பச் சேர்த்துவிட்டான். நான் எழுதிக் கொடுத்ததிலும் ஒரு வரி கூட்டிக்கொண்டேன்: 'ஈரப் பந்தலில் ஆரம்பியுங்கள். மழையில் கத்துகிறவர் மார்க்கையன்கோட்டை மொக்கைச்சாமி.'

இனி அந்தக் கடைசி ஒன்றுதான் பாக்கி. வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே. இந்த வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு 'இருக்கட்டும்' முழுசையும் கேட்பேன். மூச்சு முட்டி நீங்க நிறுத்துறப்ப, இந்தத் தடவை நான் அணைக்க மாட்டேன். அன்றைக்கு உங்க பக்கத்தில் சொல்வதற்கு ஆள் இல்லாமல் போச்சு. நான் சொல்கிறேன், அவுக சொன்ன மாதிரியே, வாய்விட்டு. நிறுத்தாமப் பாடுங்கண்ணே.

முறை குழம்பினாலும் குழம்பாத
உங்கள் தங்கச்சி,
மொக்கைச்சாமி வீட்டு ஜெயக்கொடி