உன் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில்

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மா நலம், அவளுடைய முட்டிவலியும் அதைப் பற்றிய பேச்சும் கூடவே நலம். போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், கெட்டிக்காரி. அதனால்தான் காகிதம்.

நீ வந்து போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நம் பழைய அறையில் உன் மகள் சிட்டு ஒட்டிய ஸ்டிக்கர்களை அம்மா எடுக்க விடவில்லை. அந்த அறையில்தானே நமக்கும் ஒரே சமயத்தில் தட்டம்மை போட்டது? கண் கூசாமலிருக்க ஜன்னலில் போர்வை கட்டினார்கள். அப்பாவுக்கு அது வந்ததில்லை என்று அம்மா அவரை உள்ளே விடவில்லை. அவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு நமக்காகச் செய்தித்தாளை உரக்க வாசித்தார், வரி விளம்பரம் உட்பட. யார் யாருக்குக் கொடுத்தது என்று நாம் போட்ட சண்டை! "நீதான்டி கழுதை, பள்ளிக்கூடத்திலேருந்து கொண்டுவந்தே" என்று நான் சொல்ல, நீ தலையணையால் அடித்தாய். காய்ச்சலிலும் அப்படிச் சிரித்தோம். அந்த நாள்களுக்கு மனசு இன்னும் ஏங்குகிறது.

நோய் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கண்டுபிடிப்பதே எனக்குப் பிழைப்பாகும் என்று அப்போது யார் கண்டது? நோயாளியின் தொண்டையில் துடைத்தெடுத்த குச்சி எங்கள் ஆய்வகத்துக்கு வரும். வைரஸின் மரபணுவில் ஒரு சிறு பகுதியை எழுத்து எழுத்தாக வாசிப்போம். பரவப் பரவ எப்போதாவது ஓர் எழுத்து மாறும். பல நாட்டு ஆய்வகங்களும் தாங்கள் வாசித்ததைப் பொதுவில் சேர்த்து வைத்திருக்கின்றன. எங்களுடையது எதோடு ஒத்துப்போகிறது என்று தேடுவோம். மாதிரி எடுத்த ஊரின் பெயரையே வைரஸுக்கு வைப்பது எங்கள் வழக்கம்.

எதிர்வீட்டுத் தையற்காரர் குடும்பம் தெரியுமே, வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். நீங்கள் கிளம்பிப் போன இரண்டாவது வாரம் அவர்கள் கைக்குழந்தைக்குத் தட்டம்மை. தடுப்பூசி போடும் வயதுகூட ஆகவில்லை. பிறகு தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கு. "அவங்க நாட்டுலேருந்து கொண்டாந்துட்டாங்க" என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. தைக்கத் துணி கொடுப்பாரில்லை. வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். குழந்தை பிழைத்துவிட்டான். ஆனால் காதில் சீழ் வைத்து, இடப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை.

அவனுடைய மாதிரி என் மேசைக்குத்தான் வந்தது. அவர்கள் நாட்டில் பரவும் வகையோடு ஒட்டவே இல்லை. உன் ஊரில் எடுத்த ஒன்றோடு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்துப்போனது. திரையில் உன் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் நம் ஊர்ப் பெயர். பைத்தியக்காரி மாதிரி முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் நீயே வந்து நிற்பது போலிருக்கும். அப்புறம்தான் சிட்டுவின் நினைவு வந்தது.

நீங்கள் இங்கே இருந்தபோது, நான் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்த வாரத்தில் சிட்டுவுக்குக் காய்ச்சலும் சிவப்புத் தடிப்பும் வந்ததே. "வெயில் ஒத்துக்கலக்கா" என்று போனில் சொன்னாய். அந்த உடம்போடு அவளை மடியில் வைத்துத்தான் தையற்காரம்மா கவுனுக்கு அளவெடுத்தாள் என்று அம்மா சொன்னாள். தடுப்பூசியை "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று நீ தள்ளிப்போட்டதும் எனக்குத் தெரியும்.

எழுத்துகள் ஊரைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. அறிக்கை மேலே போய்விட்டது. ஆனால் அறிக்கை படித்தா தெரு பேசுகிறது? சிட்டுவின் ரத்தத்தைச் சோதித்துப் பார், அவளுக்கு வந்தது தட்டம்மைதானா என்று தெரிந்துவிடும். உன் மாமியார் என்ன சொல்வாரோ என்ற பயம் புரிகிறது. உன்னைத் திட்ட இதை எழுதவில்லை, கண்ணு. அறியாமல் நடந்தது.

நேற்று எதிர்வீட்டில் தையல் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, கதவைச் சாத்திக்கொண்டேன். உன் சம்மதம் இல்லாமல் நான் வாய் திறக்க மாட்டேன். வேலையின் விதி அது. அதைவிட, நீ என் தங்கை. அவர்கள் கொண்டுவரவில்லை, நம் வீட்டிலிருந்துதான் போனது என்று தெருவில் சொல்லச் சொல்லுடி.

நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா