திருப்பிப் போடாத ரப்பர்

பேரனுக்கு வயிற்று உப்புசம் என்று என் மகள் இன்று காலை அவன் தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் காப்பியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். "இன்னாப்பா, பாதில எய்ந்து பூட்டே?" என்றாள். அவளிடம் என்ன சொல்வேன்? நண்பா, உன் கையில் எப்போதும் அடித்த வாசமடா அது. உன்மேல் இருக்கிற ஆத்திரத்தில் எனக்குக் காப்பிகூட இறங்கவில்லை. போய்ச் சேர்ந்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். நீ போய் நாற்பது நாள்தான் ஆகிறது. நான் திட்டத்தான் போகிறேன்.

டோல்கேட் பக்கத்தில் உன் மெக்கானிக் ஷெட். நான் அப்போது ஹார்பரில் சரக்குத் தூக்கும் கப்பல் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலை விட்டால் வீட்டுக்குப் போகாமல் நேராக உன்னிடம்தான் வருவேன். எண்ணூர் தொழிற்சாலை மேனேஜர் ஒருவர், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரரிடம் வாங்கிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் காரை உன்னிடம் விட்டிருந்தார். இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரைக்குப் பதில் கித்தான் துணி. மற்ற மெக்கானிக்குகள் அதைத் தொடவே பயந்தார்கள். இங்கிலாந்து நட்டுக்கு நம் ஸ்பேனர் எதுவும் பொருந்தாது. நீ ஸ்பேனரின் வாயையே அரத்தால் ராவிப் பொருத்தினாய். அந்த ஒரு வேலைக்காகவே உன்னை எனக்குப் பிடிக்கும்.

பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர்தான் நம்மை அலைக்கழித்தது. பழைய எட்டணாக் காசு அளவில் ஒரு சின்னக் கிண்ணம். இங்கே கடைகளில் கிடையாது, வெளிநாட்டுச் சாமானுக்கோ ஆயிரம் தடை. ஏழு மாதம் கப்பல் கப்பலாக ஏறிக் கெஞ்சினேன். கடைசியில் ஒரு கப்பல் சமையல்காரர் லண்டனில் வாங்கி, மாவு டப்பாவுக்குள் புதைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நீ அதற்குக் குழந்தைக்குத் தடவுகிற மாதிரி விளக்கெண்ணெய் தடவினாய். "மாமு, இது இங்கிலீஸ்காரன் ரப்பரு. வெளக்கெண்ணெ சேந்த பிரேக் ஆயிலுதான் இதுக்கு ஒத்துக்கும். வேற எது பட்டாலும் பேஜாராய்டும்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். காதில் வாங்கவில்லை.

கார் போகவேண்டிய ஞாயிற்றுக்கிழமை நீ மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தாய். பிரேக் ஆயில் ஒரு விரல் குறைந்திருந்தது, உன் டின்னும் காலி. காரைத் தூக்கும் ஜாக்கிக்கு ஊற்ற நான் கப்பலிலிருந்து யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்த வின்ச் எண்ணெய் பாட்டிலில் இருந்தது. டன் டன்னாகத் தூக்குகிற எண்ணெய் இந்தப் பொம்மைக் காரை நிறுத்தாதா என்று நினைத்தேன். ஹார்பர்க்காரன் திமிர், வேறென்ன? ஊற்றி மூடினேன். அதை ஒரு பெரிய விஷயமாகவே நினைக்காததால் உன்னிடம் சொல்லவும் இல்லை.

நான்காம் நாள் திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் பிரேக் பிடிக்கவில்லை. கேட் உடைந்தது, மேனேஜரின் கையும் உடைந்தது. காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். கூடவே அவருடைய ஆட்கள், ஒரு போலீஸ்காரர், வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சிலிண்டரைப் பிரித்தாய். வெகுநேரம் கழித்து எழுந்து, "என் தப்புதான் சார். ரப்பரைத் திருப்பிப் போட்டுட்டேன்" என்றாய்.

முதலில் கத்தியவன் நான்தான். "நேத்து வேலைக்கு வந்தவன்கூட இப்டி பண்ணமாட்டான்டா!" என்றேன். "கை தப்பிடுச்சு மாமு" என்று சிரித்தாய். ரப்பரைத் திருப்பிப் போட்டால் முதல் மிதியிலேயே பிரேக் பிடிக்காதே, கார் எப்படி நான்கு நாள் ஓடியது? இதைக் கேட்கிற மூளை அங்கே ஒருவனுக்கும் இல்லை. உன் ஷெட்டுக்குள்ளேயே பாதி வாழ்க்கை கழித்த எனக்கும் இல்லை.

ஷெட் கைவிட்டுப் போனது. லாரி பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தாய். சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்கவிட்டார்கள், பிரேக்கை மட்டும் தொடவிடவில்லை. இந்த ஒன்பது வருடமும் டீக்கடையில் யார் எதில் தவறினாலும், "இன்னா, இவன் மாதிரி திருப்பிப் போட்டுட்டியா?" என்று உன்னைக் காட்டிக் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரிப்பார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பாய்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து ராயபுரம் கோயில் வாசலில் உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். துணியில் முடிந்த ஒன்றைக் கையில் வைத்தாள். அந்த ரப்பர். உப்பி, கொழகொழத்து, வடிவம் கெட்டுக் கிடந்தது. "கப்பல் எண்ணெ பட்டு இப்டி ஆச்சாம்ணே. சொன்னா ஹார்பர்ல திருட்டுக் கேசு போட்டு உங்க வேலய எடுத்துடுவாங்க, மூணு பொம்பளப் புள்ளைங்க கீதுன்னாரு. நீங்க ரிட்டயராவும்போது, இப்பவாச்சும் சொல்லுயான்னேன். பென்சன நிறுத்திடுவாங்கன்னுட்டாரு."

யாரடா கேட்டார்கள் உன்னிடம்? என் வேலை போயிருந்தால் போயிருக்கட்டும். மூட்டை தூக்கியாவது பிள்ளைகளைக் காப்பாற்றியிருப்பேன். என் தப்பை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள நீ யார்? தனியாக ஒரு நாள் அழைத்து, "நீதான்டா பண்ணே" என்று செவிட்டில் ஒன்று விட்டிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய். உன்னை மானங்கெடுக்கும் வேலையையும் ஒன்பது வருடம் என்னை வைத்தே செய்துகொண்டாய். இதை நான் மன்னிக்கமாட்டேன்.

நேற்று அந்த டீக்கடைக்குப் போனேன். லாரி பட்டறைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். பெஞ்சு நடுவில் நின்று, எண்ணெய் ஊற்றியது நான், அவன் ரப்பரைச் சரியாகத்தான் போட்டான் என்று சொன்னேன். ரப்பரையும் காட்டினேன். உன் பட்டறை முதலாளி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"வுடு நைனா. தோஸ்து பூட்டான்னு அவன் தப்ப உன் தலைல போட்டுக்கற. இந்த மனசு யாருக்கு வரும்?"

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் கத்தினேன், சத்தியம் செய்தேன், ஒருவனும் நம்பவில்லை. எனக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டார்கள். இன்றைக்கும் அந்தக் கடையில் நீ ரப்பரைத் திருப்பிப் போட்டவன்தான். நான் நல்லவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேனடா.