லேபிளைச் சுரண்டிய டிசம்பர்

இன்று காலை ஹேடோ துறைமுகத்திலிருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கடையில் வைத்துப் பிரித்தேன். கப்பலுக்குள் பல நாள் கிடந்த ஈர வாடையும் ஒயரின் பிளாஸ்டிக் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறின. கிறிஸ்துமஸ் சரக்கு, இந்த சீசனில் இரண்டாவது பெட்டி. இந்த வாசனை வந்தால் வியாபாரம் சூடுபிடித்துவிட்டது என்று கையைத் தேய்த்துக்கொள்கிறவன் நான். பெட்டி பிரிகிற சேதி எப்படியோ தெரிந்து, டீ கிளாஸோடு நீயும் வந்து நின்றுவிடுவாய். இன்று பாதி பிரித்த பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் விற்கிறவன், நீ கட்டுகிறவன். இருபது வருஷம் அப்படித்தான் ஓடியது. என்னிடம் சீரியல் செட் வாங்கிய வீட்டுக்கு நீ ஏணியோடு போவாய். சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் போனதில்லை. போனால் ஒரு வீட்டுக்கு அரைநாள். "ஏம்ப்பா, கிறிஸ்துமஸுக்குள்ள இறங்கிருவியா?" என்று கீழே நின்று கேட்பேன். "ஒனக்கு என்னல, வித்துட்டு வீட்டுக்குப் போயிருவ. நாம்ல ஏணியில நிக்கேன்" என்பாய்.

இந்தத் தீவில் தகரக் கூரை அதிகம். காற்றில் ஆடாமல் இருக்க எல்லோரும் விளக்கு ஒயரைக் கட்டுக்கம்பியால் கூரையோடு முறுக்கிவிடுவார்கள். உப்புக்காற்றில் அது உரசி ஒயரின் தோலை அறுத்தால், மழை பெய்த அன்று கூரை முழுக்கக் கரண்ட். தூத்துக்குடி கடற்கரையிலிருந்து வந்த குடும்பம் உன்னுடையது. மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பால்தான் கட்டுவாய். பிளக்கை எப்போதும் வீட்டுக்குள் வைப்பாய். ஜன்னலில் நுழைகிற இடத்தில் ஒயரை ஒரு வளையம் தாழ விடுவாய், மழைத்தண்ணீர் உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். பூசைக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இறங்கமாட்டாய். "பல்பு எரியுதான்னு பாக்காத, தகரம் சும்மா இருக்கான்னு பாரு" என்பது உன் பேச்சு. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

போன டிசம்பரில் கப்பல் தள்ளிப்போனது. மழை தாங்குகிற செட் எல்லாம் மெயின்லேண்டில் நின்றுவிட்டது. என்னிடம் இருந்தவை வீட்டுக்குள் கட்டுகிற ஏழெட்டு செட்தான். இங்கே கப்பல் வரவில்லையென்றால் இருப்பதுதான் வேண்டியதாகிவிடும். சாமானுக்கு மட்டுமில்லை, மனசாட்சிக்கும் அப்படித்தான். ஒவ்வொரு பெட்டியிலும் 'வீட்டுக்குள் மட்டும்' என்று ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். கேட்டவர்களிடம் வெளியில் கட்டலாம் என்றேன். ஒரே நாளில் விற்றுப்போயின.

மத்தியானம் நீ வந்தாய். கடையில் வேறு யாரும் இல்லை. குனிந்து தரையிலிருந்து ஒரு லேபிள் துண்டை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாய்.

"இத வெளிய கட்டச் சொல்லியா வித்த?"

"சலேகா, ஓடிரும். நாலு நாள் சமாச்சாரம்."

"மழை பெஞ்சா?"

"நீ ஏணியப் பாரு. கடைய நான் பாத்துக்கறேன்."

"ஏல, தகரம் ஆளப் பாத்தா அடிக்கும்? நம்ம ஊரு பிள்ளைக வீடுல."

"அப்படின்னா இனிமே இந்தப் படி ஏறாத" என்றேன். நீ லேபிளைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாய்.

இரண்டு நாள் கழித்து மூன்று முறை போன் செய்தாய். சமாதானத்துக்கு வருகிறான், கொஞ்சம் தவிக்கட்டும் என்று நான் எடுக்கவில்லை. அப்புறம் வீம்பு வளர்ந்தது. மார்ச்சில் உனக்கு நெஞ்சுவலி என்றார்கள். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கப் பூசைக்குக் கோயில் வாசல் வரை வந்தேன், உள்ளே வரவில்லை. அன்று கடையைச் சாத்தியிருந்தேன். நட்புக்காகச் சாத்தினேன் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரம்மா கண்ணில் படக்கூடாது என்பதற்காகச் சாத்தினேன்.

போன வாரம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஹேடோக்காரர் ஒருவர் வந்தார். புது செட் கேட்டார்.

"அண்ணாச்சி, போன தடவை மாதிரி ஆள அனுப்பிருவீங்கல்ல?"

"எந்த ஆள?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க? காலமானாரே, உங்க கூட்டாளி, அவருதான். நான் வாங்கிட்டுப் போன அன்னைக்கே சாயங்காலம் வந்துட்டாரு. செட்டு மாறிப்போச்சு, அண்ணாச்சி அனுப்புனாருன்னு சொல்லி, நாங்களே கூரையில கட்டியிருந்தத கழட்டி ஜன்னலுக்கு உள்பக்கமா கட்டிக் குடுத்தாரு. கண்ணாடி வழியா ஜோராத் தெரிஞ்சுது."

எடுத்த செட்டை மறுபடி அலமாரியிலேயே வைத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ரெண்டு மூணு நாள் கழிச்சு மறுபடி பாத்தேன், எல்லா வீட்டுக்கும் அலைஞ்சிருக்காரு பாவம். பெரார்கஞ்சுக்கு ஒரு செட் போயிருக்காம், எந்த வீடுன்னு தெரியலன்னாரு. உங்களத்தான் போன்ல கேக்கணும், ஆனா பயபுள்ள எடுக்கமாட்டேங்கிறான்னு சிரிச்சாரு."

அவருக்கு எதையோ எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். பகல் பதினொரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, ஸ்கூட்டரோடு சாத்தம் படகுத்துறையில் ஃபெரி ஏறினேன். அக்கரையில் பம்பூஃப்ளாட் வரைக்கும் உட்கார முடியவில்லை. பெரார்கஞ்சில் அந்த வீடு எனக்குத் தெரியும். பாக்குத் தோட்ட ஓரத்தில், கணவரை இழந்து தனியாக இருக்கிற ஒரு டீச்சரம்மா வீடு. அறுத்த வயலைத் தாண்டும்போதே கண்ணில் பட்டது. அதே செட். முன்பக்கக் கூரை விளிம்பு முழுக்கக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி, பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

அந்தம்மா வெளியே வந்து வாசல் தூணில் கை வைக்கப் போனார். அதுவும் இரும்புக்குழாய்தான், கூரையோடு சேர்ந்தது.

"தொடாதீங்க. உள்ள போயி பிளக்கப் பிடுங்குங்க."

"என்ன அண்ணாச்சி? நேத்துதான் கட்டுனேன், எரியுதான்னு பாக்கப் போட்டேன். போன வருஷமும் இதேதான், ஒண்ணும் ஆகலையே" என்றவர், "ராத்திரி மழைக்கு அப்புறம் இங்க கை வச்சா சுருக்குங்குது. எறும்புன்னு நினைச்சேன்" என்றார்.

அவர் பிடுங்குவதற்கு முன் தூணில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரிந்தது. இத்தனை வருஷத்தில் ஆயிரம் டெஸ்டர் விற்றிருப்பேன். ஒன்று எரிவதைப் பார்த்துப் பயந்தது அன்றுதான்.

அந்தம்மா பிளக்கைப் பிடுங்கியதும் கம்பியை நறுக்கி, மொத்தத்தையும் கழற்றிக் கீழே போட்டேன். கொண்டுபோயிருந்த வெளிக்கட்டு செட்டை இறவாரத்து மரச்சட்டத்தில் தங்கூசியால் கட்டினேன். உன் கைவேகம் எனக்கு இல்லை. மூன்று மணி நேரம் ஆனது.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று அந்தம்மா கேட்டார்.

செட் மாறிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். நீ எனக்காக வீடுவீடாகச் சொல்லி வைத்த பொய் அது, நம்பவும் நம்புவார்கள். வாய் வரவில்லை.

"ஆமாம்மா. வெளிய கட்டக்கூடாதுன்னு தெரிஞ்சேதான் உங்களுக்கு வித்தேன்."

அந்தம்மா தோல் அறுந்து கிடந்த ஒயரையும் என்னையும் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத சொல்லவா ஒரு வருஷம் ஆச்சு?"

"அப்பவே வந்து சொல்லியிருப்பான். உங்க வீடு எதுன்னு கேட்டு ஒருத்தன் எனக்கு மூணு தடவ போன் பண்ணினான். நான் எடுக்கல."

திரும்பி வரும்போது ஃபெரியில் கூட்டம். தெரிந்தவர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, சீசன்ல கடைய விட்டுட்டு?" என்று கேட்டார். கட்டுவேலைக்குப் போனேன் என்றேன். அவர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

வெளியில் கட்ட வாங்குகிற வீட்டுக்கு இப்போது நானே போகிறேன். மேலே ஏற முழங்கால் விடுவதில்லை. ஆள் ஏற, நான் கீழே நிற்கிறேன். போனவுடன் வணக்கம் சொல்வதற்கு முன்னால் தகரத்தில் டெஸ்டரை வைக்கிறேன். கிழவனுக்குக் கிறுக்கு என்கிறார்கள். அதெல்லாம் சுமையில்லை. உன் வீட்டுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. நீ அன்று எதற்காகக் கூப்பிட்டாய் என்பது உன் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்திருக்குமா, தெரியாதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால், நான்தான் சொல்ல வேண்டும்.